ஏழாம் பக்கத்தில் விடுபட்ட அறுபத்தொரு எழுத்து

1. கேற்றடி

காலை ஆறு மணி பத்து நிமிடம். அலுவலகத்தின் முன்கேற்றைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் பத்திரிகை. அதை நான்காக மடித்து, ஏழாம் பக்கம் வெளியே தெரியும்படி ஒருவர் கையில் பிடித்திருந்தார். அவர் போட்டிருந்த வெள்ளைச் சேர்ட்டின் தையல் வெளிப்பக்கம் இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் விடாமல் மதிலோடு சாய்த்திருந்தார்.

ஆளை எனக்குத் தெரியும். முந்தின நாள் பின்னேரம் மரண அறிவித்தல் கொடுக்க வந்த தவராசா. இறந்துபோன இராசரத்தினம் என்பவரின் மனைவிக்குத் தம்பி. அடித்துக் கொடுத்த வாசகத்தை ஆறுதலாக இரண்டு தரம் வாசித்து, கையெழுத்து வைத்துவிட்டுப் போனவர்.

"உதை ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

சத்தம் போடவில்லை. அந்தக் கேற்றடியில் நான் எத்தனையோ முறைப்பாடு கேட்டிருக்கிறேன். வருகிறவர்கள் "ஆர் உதைப் போட்டது?" என்பார்கள். "ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?" என்பார்கள். ஆர் சொன்னது என்று ஒருவரும் கேட்டதில்லை. வித்தியாசம் காதில் விழுந்தது. ஆனால் அதை யோசிக்க அப்போது நேரம் இருக்கவில்லை.

பத்திரிகையை வாங்கி, அவர் நகத்தால் கீறி வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். இப்படி இருந்தது:

"தெல்லிப்பழையைப் பிறப்பிடமாகவும் நல்லூரை வதிவிடமாகவும் கொண்ட சின்னத்தம்பி இராசரத்தினம் அவர்கள் நேற்று இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்றவர்களான சின்னத்தம்பி – அன்னம்மா தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற சிவகுமார் (ஜேர்மனி), வசந்தி ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார்."

எங்கள் பக்கத்து மரண அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தாய் தகப்பன், பிறகு மாமன் மாமி, பிறகு மனைவி, பிறகு பிள்ளைகள். இங்கே தாய் தகப்பனுக்குப் பின்னால் நேரே பிள்ளைகள் வந்து நின்றார்கள். மாமன் மாமியும் இல்லை. மனைவியும் இல்லை. மாமனுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய 'காலஞ்சென்ற' என்ற சொல் மட்டும் அப்படியே இருந்து, ஜேர்மனியில் இருக்கும் மகனுடைய பெயரோடு ஒட்டியிருந்தது.

உயிரோடு இருக்கும் ஒருவரை நாங்கள் சாகடித்துவிட்டோம். அதுவும் அவருடைய தகப்பனின் பிரேதம் வீட்டில் கிடக்கும்போது.

"உங்கடை அக்கா பாத்திட்டாவோ?" என்று கேட்டேன்.

"அக்கா கண்ணாடி தேடுறா. பந்தலிலை நாலு பேரிட்டைப் பேப்பர் கிடக்கு," என்றார் தவராசா.

என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரை அனுப்பினேன். சைக்கிளில் ஏறும்போது கால் பெடலில் இரண்டு தரம் வழுக்கியது.

2. மூன்று வயர்

இப்போது பத்திரிகை அலுவலகங்களில் சேரும் பிள்ளைகளுக்கு, அந்தக் காலத்து ஏற்பாட்டைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

நான் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தவன். பிறகு செய்தி திருத்தினேன். கணினி வந்தபோது அதன் கையேட்டை வாசிக்கப் பொறுமை இருந்த ஒரே ஆள் நான் என்பதால், பக்கம் கட்டும் வேலையும் மிசின்களைப் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தன. அலுவலகத்தில் இரண்டு கணினிகள். முன் அறையில் ஸ்ரெலா என்ற தட்டெழுத்தாளர் அறிவித்தல்களும் கட்டுரைகளும் அடிப்பார். குருநகர்ப் பிள்ளை. அடித்தால் பிழை வராது, கதைத்தால் பதில் சொல்லி முடியாது. அவருடைய மிசினில் இருந்தது, விண்டோஸுக்கு முந்திய டொஸ்ஸில் ஓடும் ஒரு பழைய தமிழ் வேர்ட் புறொசெசர். பின் அறையில் என்னுடைய மிசின். பக்கம் கட்டுவது அதில்.

அடித்த பைலைப் புளொப்பி டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போடுவதுதான் வழக்கம். ஆனால் எங்கள் ஊர்த் தூசிக்கும் உப்புக் காற்றுக்கும் இரண்டு புளொப்பிக்கு ஒன்று வாசிக்க மறுத்தது. அதனால் இரண்டு மிசினின் சீரியல் போர்ட்டுகளையும் ஒரு வயரால் இணைத்தேன். நானே பற்றவைத்த வயர். உள்ளே மூன்று கம்பிகள்: ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க, ஒன்று எர்த்.

அந்த வேர்ட் புறொசெசரில் இதற்கென்று ஒரு செற்றிங் பக்கம் இருந்தது. ஐந்து வரி. பௌட் ரேட் என்பது வேகம். டேட்டா பிட் என்பது ஓர் எழுத்துக்கு எத்தனை பிட். தமிழுக்கு எட்டுத்தான் வைக்க வேண்டும், ஏழு வைத்தால் தமிழ் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்தாகக் கொட்டும். பரிற்றி என்பது பிழை பார்க்கும் பிட். நாங்கள் வைக்கவில்லை. ஸ்ரொப் பிட் என்பது ஓர் எழுத்து முடிந்ததற்கான அடையாளம், அது ஒன்று. ஐந்தாவது ஹான்ட்ஷேக். வாங்குகிற மிசின் "கொஞ்சம் பொறு, எழுதி முடிக்கிறேன்" என்று அனுப்புகிற மிசினை மறிப்பதற்கான ஏற்பாடு அது. இரண்டு பக்கமும் ஐந்து வரியும் ஒரேமாதிரி இருக்க வேண்டும்.

ஹான்ட்ஷேக்கை வயர் மூலம் செய்வதென்றால் இன்னும் இரண்டு கம்பி வேண்டும். என்னுடைய வயரில் அவை இல்லை. கம்பி இல்லாமல் அந்த ஹான்ட்ஷேக்கைப் போட்டால் அனுப்புகிற மிசின் அசையாமல் நிற்கும். ஆகவே 'இல்லை' என்று வைத்தேன். இருக்கிற கம்பியிலேயே "நிறுத்து, அனுப்பு" என்று சமிக்ஞை அனுப்பும் இன்னொரு வகை அதே வரியில் இருந்தது. கையேட்டிலும் வாசித்திருந்தேன். தேவைப்படவில்லை. வேகம் முந்நூறு. விநாடிக்கு முப்பது எழுத்துத்தான் போகும். வாங்குகிற மிசின் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விடலாம். எட்டு மாதம் ஓர் எழுத்துத் தவறவில்லை.

அறிவித்தல்களுக்கு எங்களிடம் ஒரு சட்டமும் இருந்தது. ஒருமுறை இடம் போதாமல் ஒரு பெயருக்குப் பின்னால் இருந்த '(கனடா)'வை நான் எடுத்துவிட்டேன். அடுத்தநாள் எட்டுப் பேர் வந்தார்கள். மூத்த மகள் கனடாவில் இருப்பது எனக்குப் பொறாமையா என்று ஒரு மனுசி கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் பத்திரிகை ஆசிரியர் சுவரில் எழுதி ஒட்டினார்: கையெழுத்து வைத்த அறிவித்தலில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. குடும்பத்தார் ஸ்ரெலா அச்சிட்டுத் தரும் பிறின்றை வாசித்துக் கையெழுத்து வைப்பார்கள். அதன் பிறகு அந்தப் பைல் பின் அறைக்கு வந்து, அப்படியே பக்கத்தில் விழும். கை வைக்கக்கூடாது என்றதை நாங்கள் கண்ணும் வைக்கத் தேவையில்லை என்று விளங்கிக்கொண்டோம்.

3. முந்தின நாள் நாலு நாற்பது

அந்த நாட்களில் பின்னேரம் ஆறு மணிக்கு மின்சாரம் போகும். அதன் பிறகு ஜெனரேற்றர். டீசல் தட்டுப்பாடு. ஆறுக்கு முன் பக்கம் முடிக்க வேண்டும் என்று ஆசிரியர் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கட்டுரை முந்நூறு வேகத்தில் வந்து சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

நாலு நாற்பதுக்கு இரண்டு மிசினிலும் முந்நூறை ஒன்பதாயிரத்து அறுநூறு ஆக்கினேன். மற்ற நாலு வரியையும் தொடவில்லை. மூன்று வரியில் ஒரு சிறு பைல் அடித்து அனுப்பிப் பார்த்தேன். கண் மூடித் திறக்க முன் வந்துவிட்டது. ஓர் எழுத்துக் குறையவில்லை. ஸ்ரெலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். "அண்ணை, உது உண்மையாவே போனதோ, இல்லாட்டிப் போனமாதிரிக் காட்டுதோ?" என்றார்.

நான் சிரித்தேன்.

ஐந்து இருபதுக்கு வந்த வெங்காயச் செய்கைக் கட்டுரையில் ஒரு வசனத்தின் நடுவே அரைச்சொல் நின்றது. இருந்த இடத்திலிருந்தே, "ஸ்ரெலா, நித்திரையோ?" என்று கேட்டேன். தான் அடித்தது சரியாகக் கிடக்கிறது, வந்து பார்க்கலாம் என்று முன் அறையிலிருந்து பதில் வந்தது. நான் எழும்பிப் போகவில்லை. மீதிச் சொல்லை ஊகித்து நானே அடித்துவிட்டுப் பக்கத்தைக் கட்டினேன். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்க எல்லாம் முடிந்தது. ஆசிரியர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

4. இரண்டு பைல்

தவராசா போனதும் இரண்டு மிசினையும் போட்டேன். ஸ்ரெலாவின் மிசினில் அறிவித்தல் முழுதாக இருந்தது. "காலஞ்சென்ற வைத்திலிங்கம் – செல்லம்மா தம்பதிகளின் அன்பு மருமகனும், பரமேஸ்வரியின் அன்புக் கணவரும், சிவகுமார் (ஜேர்மனி), வசந்தி ஆகியோரின்" என்று ஒழுங்காக இருந்தது. தவராசா கையெழுத்து வைத்த பிறின்றும் அப்படியே.

என் மிசினில் இருந்த பைல் அறுபத்தொரு எழுத்துக் குறைவு.

நடந்தது இதுதான். வாங்குகிற மிசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து, நிறைந்ததும் டிஸ்க்கில் எழுதும். எழுதுகிற நேரம் அது வயரைக் கவனிக்காது. முந்நூறில் அந்த இடைவெளிக்குள் ஒன்றிரண்டு எழுத்துத்தான் வரும், தாங்கிக்கொள்ளும். ஒன்பதாயிரத்து அறுநூறில் வெள்ளம்போல வரும். மறிப்பதற்கு ஹான்ட்ஷேக் இல்லை. மூன்று வரிப் பைல் சேமிப்பை நிறைக்கவே இல்லை, அதனால் பரிசோதனையில் தப்பியது. வெங்காயக் கட்டுரையில் வெட்டு ஒரு சொல்லின் நடுவில் விழுந்தது. இந்த அறிவித்தலில் ஒரு சொல்லின் முடிவில் தொடங்கி இன்னொரு சொல்லின் தொடக்கத்தில் முடிந்திருந்தது. ஆகவே வாசிக்கிறவருக்கு அது பிழையாகவே தெரியாது. செய்தியாகத் தெரியும்.

அறுபத்தொரு எழுத்துப் போக எடுக்கும் நேரத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு.

ஏழே காலுக்கு ஆசிரியர் வந்தார். சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஸ்ரெலாவின் பிழையா என்று. இல்லை, செற்றிங்கை மாற்றியது நான் என்றேன். வெங்காயக் கட்டுரையில் அறிகுறி தெரிந்தும் எழும்பிப் போகாததையும் சொன்னேன். சிறிது நேரம் சுவரில் தான் ஒட்டிய கடதாசியைப் பார்த்தார்.

"நீரே போம். பிரேதம் எடுக்க முன்னம் போம். மனுசியிட்டை நேரை சொல்லும், மகன் உயிரோடை இருக்கிறான், பிழை எங்கடை எண்டு. நாளைக்குத் திருத்தம் போடுவம்," என்றார்.

கையெழுத்து வைத்த பிறின்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

5. நல்லூர் வீடு

எட்டு இருபது. ஒழுங்கை வாசலில் தென்னோலைத் தோரணம் கட்டியிருந்தது. பந்தலில் இருபது பேரளவில். பறைமேளக்காரர் இன்னும் வந்திருக்கவில்லை. கதிரைகளில் இருந்தவர்களில் மூன்று பேரின் மடியில் எங்கள் பத்திரிகை இருந்தது. மூன்றும் மடித்தபடி. பத்திரிகைக்காரன் என்று யாரோ சொன்னார்கள்.

கூடத்தில் பிரேதத்தின் தலைமாட்டில் மனைவி பரமேஸ்வரி இருந்தார். அறுபது அறுபத்திரண்டு வயது இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பிறகு அறிந்தேன். கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்தில் மகள் வசந்தி. வேறு ஏழெட்டுப் பெண்கள்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பந்தலில் இருந்தவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பிழை ஊருக்குப் போயிருந்தது, திருத்தமும் ஊருக்குப் போகட்டும் என்பது என் எண்ணம்.

"அம்மா, உங்கடை மகன் சுகமா இருக்கிறார். பேப்பரிலை வந்தது எங்கடை மிசின்ரை பிழை. நான்தான் காரணம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

ஆறுதலான ஒரு சத்தத்தை எதிர்பார்த்தேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. வசந்தி வாசலில் நின்ற தவராசாவைப் பார்த்தார். தவராசா நிலத்தைப் பார்த்தார்.

பரமேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார்.

"சுகமா இருக்கிறானெண்டா ஒருக்கால் அவனைக் கதைக்கச் சொல்லுங்கோ, தம்பி," என்றார். "ஞாயிற்றுக்கிழமையிலை பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுக்கிறவன். ஒரு மாசத்துக்கு மேலை எடுக்கேல்லை. தேப்பன் செத்ததுக்கும் எடுக்கேல்லை."

தவராசா என் முழங்கையைப் பிடித்தார்.

6. கிணற்றடி

வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். கிணற்றுக்கட்டின் மேல் ஒரு வாளி, அதற்குள் யாரோ தோய்த்துப் பிழியாமல் விட்ட துவாய். அவர் துவாயைப் பார்த்தபடியே சொன்னார்.

"பெடியன் செத்து இண்டைக்கு முப்பத்தாறு நாள். றோட்டிலை அடிபட்டது. அங்கையே எரிச்சாச்சு."

அப்போதுதான் கேற்றடியில் அவர் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது.

செய்தி வந்த கிழமை இராசரத்தினம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்குச் சொன்னால் போய்விடுவார், மனைவிக்குச் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும், ஆகவே இரண்டு பேருக்கும் சொல்லவில்லை. தவராசாவுக்கும் வசந்திக்கும் மட்டும் தெரியும். மகனுக்கு வேலை மாறிவிட்டது, போன் இல்லை, விசாச் சிக்கல் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் தகப்பன் மகன் செத்தது தெரியாமலே கண்ணை மூடினார். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து சொல்லலாம் என்று இருந்தார்களாம்.

"விடிய பேப்பரைப் பாத்த உடனை, வசந்திதான் உங்களுக்குச் சொல்லிப்போட்டாள் எண்டு நினைச்சன். அவளுக்கு வாயிலை வந்ததெல்லாம் ஏசிப்போட்டுத்தான் உங்கை வந்தனான்," என்றார்.

என் சட்டைப் பையில் இருந்த பிறின்றை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து வைத்த வாசகத்தில் மகன் உயிரோடு இருந்தார். அது பொய். என் வயரில் அறுபத்தொரு எழுத்து விழுந்த வாசகத்தில் செத்திருந்தார். அது உண்மை. இரண்டு நிமிடத்துக்கு முன்னால், இருபது பேருக்கு நடுவில், புருசனின் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாய்க்கு மகன் சுகமாக இருக்கிறான் என்று நான் உரத்துச் சொல்லியிருந்தேன்.

"நாளைக்குத் திருத்தம் போடுங்கோ. நான் கையெழுத்து வைச்சபடி போடுங்கோ," என்றார் தவராசா. "அக்கா எழுத்திலை கண்டா நம்புவா."

7. ஆசிரியர் சொன்னது

ஒன்பதரைக்குத் திரும்பினேன். ஆசிரியர் முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு தரம் எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்தார்.

"உயிரோடை இருக்கிறவனைச் சாகடிச்சா நாங்கள் திருத்தம் போடவேணும். செத்தவனை எழுப்பிவிட எங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?" என்றார்.

ஆனால் திருத்தம் போடாமலும் இருக்க முடியாது. மனைவியின் பெயர் விடுபட்டிருந்தது. அது எங்கள் பிழை. மனைவியின் பெயரை மட்டும் போட்டு மகனைப் பற்றிப் பேசாமல் விட்டால், அந்த மௌனமே தாய்க்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். முழு அறிவித்தலையும் மறுபடி போட்டால் மகனுடைய பெயருக்கு முன்னால் அந்தச் சொல் ஒன்று இருக்க வேண்டும், அல்லது இல்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று கிடையாது.

ஸ்ரெலா தன் மேசையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சேர், பேர் விடுபட்டது அந்த அம்மான்ரை. ஏன் மற்ற ஆக்களைக் கேக்கிறம்?" என்றார்.

ஆசிரியர் அறிவித்தலின் அடியைப் பார்த்தார். 'தகவல்: குடும்பத்தினர்' என்று இருந்தது.

"ஓம். மனுசி கையெழுத்து வைக்கிறதைப் போடுவம். எதையெண்டாலும்," என்றார்.

பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுத்து வசந்தியைக் கூப்பிட்டேன். மாமன் தவராசா சொன்னபடி போட மாட்டோம், தாயின் கையெழுத்து வேண்டும் என்று சொன்னேன். அவர், ஒரு மணிக்குப் பிரேதம் எடுப்பார்கள், ஆம்பிளையள் எல்லாரும் சுடலைக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு வரச் சொன்னார். போனை வைக்கும் முன், "மாமாவுக்குச் சொல்லாதேங்கோ," என்றார்.

8. இரண்டரை மணி

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் போன பிறகு வீட்டைக் கழுவுவார்கள். நான் போனபோது கூடத்து நிலம் ஈரமாக இருந்தது. சுவர்க்கரையில் ஒரு பாயில் பரமேஸ்வரி இருந்தார். வசந்தி அவருக்குப் பக்கத்தில் நின்றார், இருக்கவில்லை. மற்றப் பெண்கள் பின்பக்கம்.

காலையில் என்ன பிழை நடந்தது என்று பரமேஸ்வரி கேட்டார். ஒரு வகுப்பில் பிள்ளையைக் கேட்பதுபோல், ஒழுங்காகச் சொல்லச் சொன்னார். வேகத்தை மாற்றியதையும் அறுபத்தொரு எழுத்து விழுந்ததையும் சொன்னேன். பிறின்றில் அந்த இடத்தை விரலால் காட்டினேன்.

"அப்ப 'காலஞ்சென்ற' எண்டதை மிசின் தானாப் போடேல்லை?"

"இல்லை அம்மா. அது வைத்திலிங்கம் ஐயாவின்ரை பேருக்கு முன்னாலை இருந்தது."

"அது என்ரை அப்பான்ரை சொல்," என்றார். பிறகு கேட்டார்:

"மகன் சுகமா இருக்கிறான் எண்டு காலமை சொன்னீங்கள். உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. கையெழுத்து வைச்ச தாளிலை அப்பிடி இருந்தது."

"இப்பவும் அப்பிடித்தான் சொல்லுவீங்களோ?"

நான் வசந்தியைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த ஈரத்தை உடுப்பில் துடைத்தார்.

"இல்லை அம்மா," என்றார் வசந்தி.

பரமேஸ்வரி அழவில்லை. எந்த நாள் என்று கேட்டார். வசந்தி நாளைச் சொன்னார். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார். இத்தனை நாளும் நீ எப்படிச் சாப்பிட்டாய் என்று கேட்டார். அப்போதுதான் வசந்தி பாயில் வந்து இருந்தார். தாய் அவருடைய தலையில் கையை வைத்து, எடுக்காமல், மற்றக் கையை என் பக்கம் நீட்டினார்.

பேனாவைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. என்னிடம் இருந்தது ஒப்புநோக்கும் சிவப்புப் பேனா ஒன்றுதான். கொடுத்தேன்.

அவர் அறிவித்தலை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை வாசித்தார். 'சிவகுமார்' என்ற பெயருக்கு முன்னால், பரீட்சைத் தாளில் விடுபட்ட சொல்லுக்குப் போடுவதுபோல, கீழே ஓர் அடையாளம் போட்டு மேலே 'காலஞ்சென்ற' என்று எழுதினார். எழுத்துகள் ஒரே அளவில், வட்டமாக இருந்தன. அடியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்றிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, 'மனைவி' என்று எழுதி, முழுப் பெயரில் கையெழுத்து வைத்தார்.

"நான் முப்பத்தாறு நாளாக் கேட்டுக்கொண்டிருந்தனான், தம்பி," என்றார். பேனாவை மூடித் தந்தார்.

ஒழுங்கை முகப்பில் தவராசாவும் மற்றவர்களும் சுடலையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். தவராசா என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். சிவப்பு எழுத்து அவருக்குத் தெரிந்திருக்கும். நான் சைக்கிளை நிறுத்தவில்லை.

9. பிறகு வைத்த சட்டங்கள்

அன்று பின்னேரம் திருத்தத்தை ஸ்ரெலா அடித்தார். அதை வயரில் அனுப்பவில்லை, நான் பிறின்றை வைத்துக்கொண்டு என் மிசினில் கையாலேயே அடித்தேன். பிறகு ஸ்ரெலா பின் அறைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வாசித்தார். நித்திரையோ என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வேகத்தை முதலில் முந்நூறுக்கே இறக்கினேன். பிறகு ஒரு ஞாயிறு முழுவதும் இருந்து, கம்பியிலேயே சமிக்ஞை அனுப்பும் ஹான்ட்ஷேக்கை இரண்டு மிசினிலும் போட்டு, ஆயிரத்து இருநூறில் நிறுத்தினேன். பரிசோதிக்க மூன்று வரிப் பைல் அனுப்பவில்லை, இருந்ததிலேயே பெரிய கட்டுரையைப் பத்துத் தரம் அனுப்பினேன். ஒவ்வொரு பைலுக்கும் இரண்டு பக்கத்து அளவையும் ஒரு கொப்பியில் எழுதி ஒப்பிட்டோம். ஓர் எழுத்து வித்தியாசம் என்றாலும் பக்கம் நிற்கும். சுவரில் இருந்த கடதாசியின் கீழ் ஆசிரியர் இன்னொரு வரி எழுதினார்: பக்கம் கட்டிய பிறகும் வாசிக்க வேண்டும்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு செற்றிங்கை மாற்றினால் மற்ற நாலையும் பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் தான் அடித்தது சரி என்றால் எழும்பிப்போய்ப் பாருங்கள். கையெழுத்து வைத்த தாள், யார் எதை அச்சிடச் சொன்னார் என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போய், தெரியாத ஒன்றை உரத்துச் சொல்லாதீர்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி கொடுக்க வசந்தி வந்தார். இரண்டு படங்கள் கொண்டுவந்தார்.